பழைய வேகப்படகா? வாங்குவதற்கு முன் தட்டிப் பாருங்கள்!



கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் மாமா என்னைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துச் சென்றார். கடலில் குளிப்பதற்காக அல்ல, ஒரு படகைப் பார்ப்பதற்காக. மாமா நாற்பது ஆண்டுகள் லோரிப் பட்டறையில் மெக்கானிக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு வேகப்படகு நீரைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்த நாள்முதல் அவருக்கு அந்த ஆசை இருந்தது. பிள்ளைகளைக் கரைசேர்த்த பிறகு, இபிஎஃப் சேமிப்பில் ஒரு பகுதியை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்.

படகு, 1980களில் அமெரிக்காவில் கட்டப்பட்டது. 18 அடி நீளம், எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், இரத்தச் சிவப்பில் பளபளக்கும் உடல். விலை 45,000 ரிங்கிட்.

“என்னம்மா டீச்சர், என்ஜினை நான் பார்த்துக்கிறேன். நீ சும்மா கூட வா” என்றார் மாமா.

சும்மாதான் போனேன். ஆனால் அன்று நாங்கள் இருவரும் ஒரு பாடம் கற்றோம். அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் யாரும் நாளைக்கே படகு வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளோ பழைய காரோ வாங்குவீர்கள். அப்போது விற்பவரின் பேச்சு ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் படித்த அறிவியல் இன்னொரு பக்கம் இருக்கும். எதை நம்புவீர்கள்?

அடிப்பாகம் ஏன் ‘வி’ வடிவில் இருக்கிறது?

முதலில், இப்படிப்பட்ட படகுகளை மக்கள் ஏன் இன்னும் தேடித்தேடி வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் மியாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளின் நசாவ் நகருக்கு ஒரு படகுப் பந்தயம் நடந்தது. அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் பெர்ட்ரம் என்பவரின் ‘மோப்பி’ என்ற 31 அடிப் படகு சுமார் எட்டு மணி நேரத்தில் நசாவை அடைந்து வெற்றி பெற்றது. அதன் அடிப்பாகத்தை வரைந்தவர் ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர். அக்காலத்து வேகப்படகுகளின் அடிப்பாகம் முன்னால் கூர்மையாகத் தொடங்கிப் பின்னால் தட்டையாக முடியும். ஹன்ட் அந்தக் கூர்மையைப் படகின் பின்முனைவரை கொண்டுபோனார். இதை ‘ஆழ்-வி’ வடிவம் என்பார்கள். பின்முனையிலும் அடிப்பாகம் ஏறக்குறைய 24 பாகை சரிந்திருக்கும்.

இதனால் என்ன நன்மை? நீச்சல்குளத்தில் குதிப்பவரை நினைத்துப் பாருங்கள். கைகளைக் கூப்பித் தலைகீழாகப் பாய்ந்தால் வலிக்காது. வயிறு தட்டையாக நீரில் மோதினால் தோல் சிவந்துவிடும். இரண்டிலும் நீர் ஒன்றுதான், உடலும் ஒன்றுதான். வேறுபடுவது, நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்.

படிவம் 4 இயற்பியலில் வரும் ‘இம்பல்ஸ்’ பாடம் இதுதான். 1,200 கிலோகிராம் நிறையுள்ள படகு ஓர் அலையின் உச்சியிலிருந்து விழுந்து, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உந்தம் 3,600 கிலோகிராம் மீட்டர்/வினாடி. தட்டையான அடிப்பாகம் அதை 0.1 வினாடியில் நிறுத்தினால் சராசரி மோதல் விசை 36,000 நியூட்டன். கூர்மையான அடிப்பாகம் நீரைப் பிளந்துகொண்டு 0.3 வினாடி எடுத்துக்கொண்டால் அது 12,000 நியூட்டன்தான். மூன்று மடங்கு நேரம், மூன்றில் ஒரு பங்கு விசை. உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்புக்கு இது பெரிய வேறுபாடு.

மோப்பியின் வடிவம் பின்னர் ‘பெர்ட்ரம் 31’ என்ற பெயரில் கண்ணாடியிழைப் படகாக விற்பனைக்கு வந்தது. 1960களில் மியாமியில் டான் அரோனோ என்பவர் ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் எனப் பல வேகப்படகு நிறுவனங்களைத் தொடங்கினார். அவை எல்லாம் இந்த ஆழ்-வி குடும்பத்தில் வந்தவையே. நன்றாகக் கட்டப்பட்டு நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படிப்பட்ட படகுகள் ஓடும். புதுப் படகு வாங்க முடியாதவர்கள் பழையவற்றைத் தேடுவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ‘நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சூடான என்ஜின் சொன்ன செய்தி

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் விற்பவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே நொடியில் உறுமி எழுந்தது. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம் கருவிப்பெட்டியைத் திறந்தார்.

மாமாவின் சோதனையைப் பார்ப்பதே ஒரு பாடம். எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் அமுக்கமானியைப் பொருத்தி என்ஜினைச் சுற்ற வைத்து அளவைக் குறித்தார். எட்டு சிலிண்டர்களும் 145 முதல் 155 பிஎஸ்ஐ வரை காட்டின. இங்கே ஓர் எண் மட்டும் பெரிதாக இருப்பது முக்கியமல்ல. எல்லா எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். ஏழு சிலிண்டர்கள் 150ஐக் காட்டி ஒன்று மட்டும் 90 காட்டினால், அந்தச் சிலிண்டரில் காற்று எங்கோ கசிகிறது என்று பொருள்.

அப்படி ஒரு சிலிண்டர் தாழ்ந்திருந்தால், மெக்கானிக்குகள் அதற்குள் சிறிதளவு என்ஜின் எண்ணெயை விட்டு மீண்டும் அளப்பார்கள். எண்ணெய் பிஸ்டன் வளையங்களின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். அளவு ஏறினால் தேய்ந்திருப்பது வளையம். ஏறாவிட்டால் குறை வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கலாம். ஒரு மாறியை மட்டும் மாற்றி விளைவைப் பார்க்கிறார்கள், கவனித்தீர்களா? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதான்.

மாமா எண்ணெய் அளவுக் கம்பியையும் உருவிப் பார்த்தார். எண்ணெய், பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. கடல்நீரால் குளிர்விக்கப்படும் என்ஜின்களில் புகைபோக்கிக் குழாய்களை உப்பு உள்ளிருந்தே அரிக்கும். அவை ஓட்டையானால் நீர் சிலிண்டருக்குள் புகும். இந்தப் படகில் அப்படி எதுவும் இல்லை.

“என்ஜின் தங்கம்மா!” என்றார் மாமா. முன்பணம் கொடுக்கப் பைக்குள் கை போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. மாமா பிளக்குகளைக் கழற்றும்போது கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கழற்றினார். சூடு! சாவியைத் திருப்பி ஒரு நிமிடம்கூட ஓடாத என்ஜின் அவ்வளவு சூடாகுமா? நாங்கள் வருவதற்கு முன்பே அதை யாரோ ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். அதற்கு நல்ல காரணமும் இருக்கலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் கிளம்பச் சிரமப்படும் என்ஜினை மறைப்பதற்கும் அதுவே எளிய வழி. ஆகவே இது முதல் பாடம்: பழைய என்ஜினைக் கிளப்பச் சொல்வதற்கு முன், அதன் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள்.

‘டக்’கா, ‘தொப்’பா?

என்ஜினை மாமா பார்த்தாயிற்று. மீதிப் படகை யார் பார்ப்பது?

வெளியிலிருந்து பார்த்தால் இத்தகைய படகு முழுக்கக் கண்ணாடியிழையால் ஆனதுபோல் தெரியும். கண்ணாடியிழை ஒரு கலப்புப் பொருள் என்பதைப் படிவம் 4 வேதியியலில் படிக்கிறோம். மெல்லிய கண்ணாடி நார்கள் இழுவிசையைத் தாங்கும். பாலியெஸ்டர் பிசின் அந்த நார்களைப் பிணைத்து வடிவம் தரும். துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் கண்ணாடியிழைக்குள் மரம் ஒளிந்திருக்கிறது. என்ஜினைத் தாங்கும் நீளச் சட்டங்கள் மரம். பின்னால் உந்துகருவி பொருத்தப்படும் பின்சுவருக்குள் ஒட்டுப்பலகை. பலவற்றின் தளத்துக்குள்ளும் மரம்.

மூடியிருக்கும்வரை அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாராவது ஒரு ஏணியையோ விளக்கையோ பொருத்த ஒரு திருகாணித் துளை போட்டு, அதைச் சரியாக அடைக்காமல் விட்டால் போதும். நீர் உள்ளே போகும்; வெளியே வர வழியிருக்காது. ஈரம், வெப்பம், உணவாக மரம். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விடுதி வேறெங்கே கிடைக்கும்? சில ஆண்டுகளில் உள்ளே இருக்கும் பலகை ஊறிய ரொட்டிபோல் ஆகிவிடும். வெளியே பூச்சு மட்டும் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும்.

உடைக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். உங்கள் வீட்டுத் தரையிலேயே பழகிப் பார்க்கலாம். ஒரு 50 சென் நாணயத்தால் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் ஓடு ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். அடியில் சிமெண்டு இல்லாத ஓட்டின் ஒலி வேறு மாதிரி இருக்கும். திடமான பொருள் அதிர்வைத் தெளிவாகத் திருப்பித் தருகிறது. நைந்துபோன, ஈரமான பொருள் அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடுகிறது.

நான் விற்பவரிடம் அனுமதி கேட்டு, மாமாவின் பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் சுத்தியலால் படகின் பின்சுவரை மேலிருந்து கீழாக மெல்லத் தட்டினேன். டக், டக், டக். உந்துகருவியின் அருகில் வந்ததும், ‘தொப்’. கைப்பிடி அளவு இடமல்ல, ஒரு முழ நீளத்துக்கு ‘தொப்’. நாற்பது ஆண்டுகள் இரும்போடு பழகிய மாமாவின் காதுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்தப் பின்சுவர்தான் உந்துகருவியின் முழு எடையையும், படகை முன்னே தள்ளும் முழு விசையையும் தாங்கவேண்டிய இடம். சுமார் 250 குதிரைத்திறன் அதன்மீது அழுத்தும். அது நடுக்கடலில் விரிசல் விட்டால்?

கொப்புளங்களும் ஒஸ்மோசிசும்

குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தபோது, வண்ணப் பூச்சின்கீழ் அம்மை வடுக்கள்போல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தன. பள்ளியில் மலாயில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் நீங்கள் ‘ஒஸ்மோசிஸ்’ என்று படிக்கும் அதே சவ்வூடுபரவல்தான் இங்கே நடக்கிறது.

படகின் வெளிப்பூச்சு நீரை முழுமையாகத் தடுப்பதில்லை. நீண்ட காலம் கடலிலேயே மிதக்கும் படகில் நீர் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல ஊடுருவும். உள்ளே பிசினில் மீந்திருக்கும் கரையக்கூடிய வேதிப்பொருள்களை அந்த நீர் கரைத்து, அடர்த்தியான கரைசலாகும். வெளியே இருக்கும் நீரைவிட அதன் செறிவு கூடும்போது, பூச்சு ஒரு சவ்வைப்போல் செயல்பட்டு இன்னும் நீரை உள்ளே விடும். அழுத்தம் கூடும், பூச்சு உப்பும். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் ஊதிப் பருக்கிறதே, அதே கதை. கொப்புளத்தைக் குத்தினால் பிசுபிசுப்பான, புளித்த வாடையுள்ள திரவம் வரும்.

ஒன்றிரண்டு கொப்புளங்களால் படகு மூழ்கிவிடாது. ஆனால் அவை படகின் கடந்தகாலத்தைச் சொல்கின்றன. வேலை முடிந்ததும் இழுவண்டியில் ஏற்றிக் கரையில் காயவைக்கப்பட்ட படகில் கொப்புளம் வருவது அரிது. ‘எப்போதும் கூரைக்குக் கீழே, கரையில்தான் வைத்திருந்தேன்’ என்று எங்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அடிப்பாகம் வேறு கதை சொன்னது.

பாதி கரைந்த உலோகம் நல்ல சகுனம்!

அடுத்து உந்துகருவிக்கு வருவோம். இந்தப் படகுகளில் என்ஜின் படகுக்குள் இருக்கும். புரொப்பெல்லரைச் சுழற்றும் கால் பின்சுவருக்கு வெளியே தொங்கும். இதை ‘ஸ்டெர்ன் டிரைவ்’ என்பார்கள். 1959இல் வால்வோ பென்டா நிறுவனம் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தது.

அந்தக் கால் அலுமினியம். புரொப்பெல்லர் பெரும்பாலும் எவர்சில்வர். சுற்றிலும் உப்புநீர். இரண்டு வேறுபட்ட உலோகங்கள், நடுவில் ஒரு மின்பகுளி. எங்கேயோ பார்த்த படம்போல் இருக்கிறதா? ஆம், இது ஒரு மின்கலம்! எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் அலுமினியம் அரிக்கப்படும். அதைக் காப்பாற்ற, அலுமினியத்தைவிட முந்திக்கொண்டு கரையும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். இவை தம்மைப் பலி கொடுத்து உந்துகருவியைக் காக்கும்.

அப்படியானால் ஒரு கேள்வி. துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் அது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா? நல்ல அறிகுறி. அது வேலை செய்கிறது. முழுக்கக் கரைந்து காணாமல் போயிருந்தால், உரிமையாளர் மறந்துவிட்டார். புத்தம்புதிதாக மின்னினால், ‘எப்போது மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். பல மாதங்கள் நீரில் இருந்தும் கரையவே இல்லையென்றால், அதன்மீது யாரோ சாயம் அடித்திருக்கலாம், அல்லது மின்தொடர்பு அறுந்திருக்கலாம்.

அங்கே இன்னொரு சிறிய பொருளையும் பார்க்கவேண்டும். என்ஜினிலிருந்து உந்துகருவிக்குப் போகும் தண்டுக்காகப் பின்சுவரில் ஒரு பெரிய துளை இருக்கிறது. அந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது! கடலையும் படகின் உட்பகுதியையும் பிரிப்பது, துருத்திபோல் மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை மட்டுமே. அதை விரலால் விரித்து மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படகு மொத்தத்துக்கும் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அந்த ரப்பரின் விலை மிகச் சொற்பம். அது கிழிந்தால் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும்.

உயிரோடு விளையாடும் சிக்கனம்

திரும்பும் வழியில் மாமா, “பின்சுவரைச் சரிசெய்துகொள்ளலாமோ? ஆல்ட்டர்னேட்டர் வேறு பழசு, கார் ஆல்ட்டர்னேட்டரைப் போட்டால் பாதிச் செலவு மிச்சம்” என்றார். மெக்கானிக்கின் மனம் அப்படித்தான் கணக்குப் போடும். ஆனால் இந்த ஒரு கணக்கு மிகவும் ஆபத்தானது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. காரின் என்ஜினுக்கு அடியில் திறந்த வெளி இருக்கிறது. கசியும் ஆவி கீழே இறங்கிப் போய்விடும். படகு ஒரு கிண்ணம். ஆவி அதன் அடியில் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடுவரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு சிறு தீப்பொறியே போதும்.

கார் ஆல்ட்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஓடும்போது உள்ளே தீப்பொறிகள் பறப்பது இயல்பு. படகுக்கென்று செய்யப்பட்டவற்றில் அந்தப் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி தடுப்பு இருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். திருகாணிகள்கூடச் சரியாகப் பொருந்தும். அதனால்தான், பழைய படகில் முந்தைய உரிமையாளர் கார் பாகங்களைப் போட்டிருக்கிறாரா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். என்ஜின் அறையிலிருந்து ஆவியை வெளியேற்றும் காற்றூதி ஓடுகிறதா என்றும் பாருங்கள். என்ஜினைக் கிளப்புவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிவுரை.

ஓட்டுநரின் உடலோடு இணைக்கப்படும் அவசர நிறுத்தக் கயிறும் அப்படித்தான். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் அது என்ஜினை அணைத்துவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளில் அதைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகிவிட்டது.

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத்தானே வாங்குகிறேன்” என்று மட்டும் சொன்னார். அதன்பின் அந்தச் சிவப்புப் படகைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மங்கிய படகும் ஒரு நோட்டுப் புத்தகமும்

இரண்டு மாதங்கள் கழித்து இன்னொரு படகு பார்த்தோம். அதே காலத்தது; அதே நீளம். நீல நிறம் வெயிலில் வெளுத்திருந்தது. இருக்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. உரிமையாளர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களைக் கண்டதும் சாவியை எடுக்கவில்லை. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு முறை கடலுக்குப் போன தேதி, ஓடிய மணி நேரம், நன்னீரால் என்ஜினைக் கழுவிய குறிப்பு, எண்ணெய் மாற்றிய நாள், ரப்பர் உறை மாற்றிய நாள், எல்லாம் அதில் இருந்தன. “முன்தளத்தில் ஓரிடம் மெத்தென்று இருக்கும், மிதித்துப் பாருங்கள்” என்று குறையையும் அவரே காட்டினார்.

என்ஜின் குளிர்ந்திருந்தது. துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தது. பின்சுவர் மூலைக்கு மூலை ‘டக்’ என்றது. ஆனாலும் இம்முறை எங்கள் காதை மட்டும் நம்பவில்லை. படகுகளைச் சோதிக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்தோம். அவர் ஈரமானியோடு வந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பின்சுவரின் வலப்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்த அடையாள எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிட்டார். 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகளில் இந்த எண் இருக்கவேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கடைசியாகக் கடலோட்டம். நீர்க்கோட்டில் ஏறக்குறைய 16 அடி நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரை எட்டும்போது, அது எழுப்பும் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். படகு தன் சொந்த அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு மூக்கைத் தூக்கும். போதிய திறன் இருந்தால் அந்த மேட்டை ஏறிக் கடந்து, நீரின்மேல் சறுக்கத் தொடங்கும். மாமா விசையை முன்னே தள்ளினார், மூக்கு உயர்ந்தது, சில வினாடிகளில் தாழ்ந்து சமமானது. படகு பறந்தது!

நான் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று. கியர் விகிதம் 1.5. ஆகவே புரொப்பெல்லர் 3,000 சுற்று. அதன் புரிநீளம் 23 அங்குலம், அதாவது ஒரு சுற்றுக்கு 0.584 மீட்டர். நழுவாமல் திருகினால் மணிக்கு 105 கிலோமீட்டர் போகவேண்டும். ஜிபிஎஸ் 92 காட்டியது. நழுவல் சுமார் 12 விழுக்காடு. நீர் திடப்பொருள் அல்ல. கொஞ்சம் நழுவத்தான் செய்யும். நழுவல் மிக அதிகமாக இருந்திருந்தால் புரொப்பெல்லர் சேதமடைந்திருக்கலாம், அல்லது அடிப்பாகம் அழுக்கேறியிருக்கலாம்.

முன்தளக் குறைக்காக விலை பேசிக் குறைத்து, மாமா அந்த நீலப் படகை வாங்கினார். இப்போது அந்த நோட்டுப் புத்தகத்தில் மாமாவின் கையெழுத்துத் தொடர்கிறது. பளபளப்பான படகு எங்களிடம் எதையும் சொல்ல விரும்பவில்லை; நாங்கள்தான் தட்டித்தட்டிக் கேட்க வேண்டியிருந்தது. மங்கிய படகுக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

மாணவர்களே, மாமா என்ஜினை மட்டும் சோதித்ததற்குக் காரணம், அவருக்கு என்ஜின் மட்டுமே தெரியும் என்பதுதான். நாம் எல்லோரும் அப்படித்தான். தெரிந்த இடத்தை நூறு முறை சோதிப்போம். தெரியாத இடத்தை நம்பிவிடுவோம். ஆபத்து பெரும்பாலும் அந்தத் தெரியாத இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்த வாரம் நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு நாணயத்தால் உங்கள் வீட்டின் ஓர் அறையில் உள்ள தரை ஓடுகள் அனைத்தையும் தட்டி, ஒலி மாறும் இடங்களைத் தாளில் வரைபடமாகக் குறியுங்கள்.

2. பத்து உலர்ந்த திராட்சைகளை எடை பார்த்து, ஐந்தை நீரிலும் ஐந்தைச் செறிந்த சர்க்கரைக் கரைசலிலும் இரவு முழுவதும் ஊறவைத்து மீண்டும் எடை பாருங்கள். எந்தக் கிண்ணத்துத் திராட்சை ‘கொப்புளம்’ ஆனது? ஏன்?

3. சிந்தியுங்கள்: என்ஜின் 4,500 சுற்றில் ஓடும்போது ஜிபிஎஸ் மணிக்கு 70 கிலோமீட்டர் மட்டுமே காட்டியிருந்தால், நழுவல் எத்தனை விழுக்காடு? அந்தப் படகை நீங்கள் வாங்குவீர்களா? வாங்குவதற்கு முன் வேறு எதைச் சோதிப்பீர்கள்?